வண்டு விழுந்த நாலு மூட்டை

சுவரில் ஏறிக்கொண்டிருந்ததை முதலில் அவள் எறும்பு என்றுதான் நினைத்தாள். ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை. ஈரத்துக்கு எறும்பு வரிசை கட்டுவது புதிதில்லை. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். விழுந்தது ஓடவில்லை. காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. விரல் நுனியில் ஒட்டி எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். கருஞ்சிவப்பு, எள்ளில் பாதி, முன்னால் நீட்டிய மூக்கு. முப்பது வருஷம் முதுகில் தானிய மூட்டை சுமந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அரிசி வண்டு.

அரிசி மூட்டையே இப்போது வராத கடையில் அரிசி வண்டுக்கு என்ன வேலை?

அது எல்லாச் சாமானும் விற்ற கடை. ஆணி, கயிறு, விளக்குக் கண்ணாடி, சோப்பு, பருப்பு, இருமல் மருந்து, சிலேட்டு, சவரக் கத்தி என்று பிறந்த குழந்தைக்கு வேண்டியதிலிருந்து செத்தவனைப் போர்த்தும் துணிவரைக்கும் தொண்ணூறு வருஷம் அங்கே கிடைத்தது. பட்டறைகளிலும் மர அறுவை மில்லிலும் வேலை பார்த்தவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை. போக வேறு கடையும் இல்லை. கடைசி முதலாளி போய்ச் சேர்ந்ததும் அவர் மகள் சாவியைத் தெருச் சங்கத்தின் கையில் கொடுத்துவிட்டாள். சங்கம் இடிக்கவில்லை, விற்கவில்லை. இருந்தது இருந்தபடி வைத்து, தெருவின் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியது. தேய்ந்து வழவழத்த விற்பனை மேசை, எண்பத்துநாலு இழுப்பறைகள், கயிற்று உருளை, கூரை தொடும் தகர டப்பாக்கள், நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

பார்த்துக்கொள்வது அவளும் அவள் புருஷனும். அவர் அந்தத் தராசின் பின்னால் முப்பத்தாறு வருஷம் நின்றவர். முள் நட்டநடுவில் நிற்காமல் பொட்டலத்தைக் கட்டமாட்டார் என்பதால் தெருவில் அவர் பேரே முள்ளு. அவள் அதே கடைக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்கியவள். மூட்டைக்காரி என்றால்தான் ஆளைத் தெரியும். பின்பக்கக் கிடங்கைத் தடுத்துச் சங்கம் அவர்களுக்கு ஒரு அறை கொடுத்திருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒழுகாத கூரை. மகள் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். இந்த அறை போனால் ஆறாவது ஏழாவது ஆளாக அங்கே போய்க் காலை மடக்கிக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பழம்பொருள் துறையிலிருந்து அதிகாரியம்மா சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. சங்கச் செயலாளரான தையல்காரர் அதை மூன்று தடவை உரக்கப் படித்துக் காட்டினார். கறையான், பூச்சி, எலி என்று ஏதாவது இருந்தால் சாமான் அத்தனையும் பெட்டியில் கட்டி நகரத்துக் கிடங்குக்குப் போய்விடும். கடைக்குப் பூட்டு. காவலுக்கு ஆள் வேண்டாம், ஆளுக்கு அறையும் வேண்டாம்.

இன்று திங்கள்.

அவள் வண்டு வந்த வழியே கண்ணை ஓட்டினாள். சுவர், சுவரின் அடியில் சட்டம், சட்டத்தை ஒட்டி நாலு மூட்டை. வாய் திறந்து, ஓரம் சுருட்டி, கடை நாளில் எப்படி இருந்ததோ அப்படி வைத்தவை. உள்ளே முழுக்க மரத்தூள். மேலே மட்டும் ஒரு விரல்கடை அரிசி, கோதுமை, பருப்பு. சங்கத்தின் ஏற்பாடு அது. அந்த வரிசைப் பக்கம் அவள் துடைப்பம் போய்ப் பதினோரு மாசம் இருக்கும். “உனக்கு முட்டிவலி, அங்க குனியாத, நான் பெருக்கிக்கறேன்” என்று அவர் சொன்னபோது, கிழவனுக்கு இந்த வயதில்தான் பெண்டாட்டிமேல் கரிசனம் வந்திருக்கிறது என்று மகளிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

இடுப்பைக் கொடுத்து முதல் மூட்டையை நெட்டினாள். மரத்தூள் மூட்டை என்றால் நகர்ந்து சுவரில் இடித்திருக்கும். இது அசையவில்லை. இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. எழுபத்தைந்து கிலோ. கையை உள்ளே முழங்கைவரை விட்டாள். சூடாக இருந்தது. வண்டு பெருகிய தானியம் உள்ளுக்குள் காய்ச்சல்காரன் மாதிரிக் கொதிக்கும். கையை எடுத்தபோது கைமுழுக்க ஊர்ந்தது.

அவர் மேசைக்குப் பின்னால் எடைக்கல்லை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இங்க வாங்க.”

“என்ன?”

“வாங்கன்னா வாங்க. உங்க கரிசனத்தை வந்து பாருங்க.”

வந்தார். அவள் கையைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். தப்பு செய்த ஆள் முகத்தைத் திருப்புவான், அவர் திருப்பவில்லை.

“எப்ப மாத்துனீங்க?”

“நீ பிரசவத்துக்குப் போயிருந்தியே, பொண்ணு வீட்டுக்கு. அப்ப மண்டி ஆளுங்க ராத்திரியில வந்து இறக்கிட்டுப் போனாங்க.”

“நாலுமா?”

“நாலும்தான். ஒண்ணை மட்டும் மாத்தி மூணை விட்டா அது என்ன நியாயம்?”

“நியாயத்தைப் பேசறாரு பாரு. எதுக்கு மாத்துனீங்க?”

அவர் பக்கத்து மூட்டையின் ஓரச் சுருட்டைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“திறப்பு நாளன்னிக்கு ஏழாம் வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. ஏழாம் வீட்டம்மாவுக்கும் அவருக்கும் முப்பது வருஷத் தகராறு. ஒரு பிடி கூடப் போடச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை, அவர் போட்ட நாளுமில்லை. திறப்பு நாளில் அத்தனை பேர் நடுவில் அவள் மூட்டைக்குள் கையை விட்டு மரத்தூளை அள்ளிக் காட்டினாள். “முள்ளு, ஆயுசுக்கும் அரை கிராம் ஏமாத்தாத ஆளுன்னு இருந்தேன். ரிட்டையரானதும் மரத்தூளை அரிசின்னு வெக்க ஆரம்பிச்சிட்டியா?” கூட்டம் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

“அது வெளையாட்டுக்குச் சொன்னது.”

“வெளையாட்டுதான். ஆனா அந்த மூட்டைக்கிட்ட நின்னுக்கிட்டுப் பிள்ளைங்களுக்கு ‘இது அரிசி, இது பருப்பு’ன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. நாலு சனிக்கிழமை சொல்லிப் பார்த்தேன். பொய்யி. வாயில மண்ணு வெச்ச மாதிரி இருந்துச்சு.”

“அதுக்காக நிஜ அரிசியை வாங்கி வருஷக்கணக்கா வெச்சிருப்பாங்களா? கடையா நடக்குது இங்க, வாரத்துக்கு ஒரு மூட்டை தீர்றதுக்கு?”

“பதினோரு மாசம்தான்.”

அவளுக்கு அடிக்கலாம் போலவும் இருந்தது, சிரிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அவள் இழுப்பறைகளைத் திறந்தாள். வெற்றிலைப் பாக்கு அறை, ஊசி நூல் அறை, பித்தான் அறை. ஒன்று விட்டு ஒன்றில் வண்டு. மேல் தட்டில் துணிச் சுருள்களின் மடிப்பில் அந்துப்பூச்சி வெள்ளையாகக் கூடு கட்டியிருந்தது.

“நாளைக்கு விடியறதுக்குள்ள வாளி வாளியா அள்ளிப் பின்வழியாக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டிடுவோம். ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது” என்றாள்.

“சோத்தையா சாக்கடையில கொட்டுவ?”

சாப்பாட்டுக்காக முதுகெலும்பு தேய்ந்தவள் அவள். அப்படியே மூட்டையாகவே கிடங்குக்கு இழுத்துவிடலாம் என்று மூட்டையின் காதைப் பிடித்துப் பார்த்தாள். முட்டி சுரீரென்றது. அவரோ குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட ஆள். பத்துக் கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது. எவ்வளவு பெரிய சுமைக்காரனும் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

“தையல்காரர்கிட்டப் போயிச் சொல்லிடறேன்” என்றார் அவர்.

“நீங்க போக வேணாம். நீங்க போனா கடைசி வண்டு வரைக்கும் எண்ணிச் சொல்லுவீங்க. நான் போறேன்.”

தையல்காரர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் திட்டினார். ஊசி விழாமல் அத்தனை வசவையும் எப்படிச் சொன்னார் என்பது அவளுக்கு ஆச்சரியம்.

“அக்கா, உங்களைச் சொல்லல. அந்த மனுசனைச் சொல்றேன். ஊர் உலகத்துல எந்த மியூசியத்துலயாவது சாப்பிடற சாமானை வெப்பாங்களா? பொம்மைப் பழம் வெப்பாங்க, மெழுகுல மீன் வெப்பாங்க. இவருக்கு மட்டும் நிஜம் வேணும். ரெண்டு வருஷமா மனு எழுதி, அலைஞ்சு, அந்தம்மாவை வரவழைச்சா, வண்டு விட்டு வரவேற்பு குடுக்கறாரு.”

“தப்புதான் தம்பி.”

“தப்பா? இது தப்புங்கற அளவெல்லாம் தாண்டிப் போச்சு.” ஊசியை எடுத்துப் பட்டைத் துணியில் குத்தினார். “எத்தனை மூட்டை?”

“நாலு.”

“எத்தனை நாள் இருக்கு?”

“நாளைக்கு, நாளன்னிக்கு.”

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். “வாங்க. ரொட்டிக்கடைக்காரன்கிட்டத்தான் மாவுச் சல்லடை இருக்கு.”

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். அவள் நாலைந்து பேரை எதிர்பார்த்திருந்தாள். பட்டறை வெல்டர் ராத்திரி ஷிப்டு முடித்துக் கண் சிவக்க வந்திருந்தான். மரமில்லில் இருந்து இரண்டு பேர் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டு வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் இடுப்பில் மாவு அப்பிய துணியோடு இரண்டு சல்லடையும் பதினாலு தட்டும் கொண்டுவந்தார். தட்டில் கொஞ்சம் பழைய ரொட்டியும் இருந்தது. வேலைக்கு நடுவே தின்ன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முறத்தோடு வந்தாள் ஏழாம் வீட்டம்மா.

“எங்கய்யா அந்த முள்ளு?”

அவர் உள்ளிருந்து வந்து நின்றார்.

“நான் சொன்னதுக்காகவா இந்தக் கூத்து பண்ணுன?”

“நீங்க சொன்னது சரிதானே.”

“அடப்பாவி. முப்பது வருஷமா ஒரு பிடி கூடப் போடுய்யான்னு சொன்னேன், அதைக் கேட்கல. வாய்தவறி ஒண்ணு சொன்னேன், அதைப் போயிக் கேட்டு நாலு மூட்டை வாங்கி வெச்சிருக்க.” அவள் முறத்தை மூட்டைக்காரியிடம் நீட்டினாள். “இந்தா பிடி. எனக்கு மூக்குல தூசி ஏறினா தும்மல் நிக்காது. நான் உள்ள இழுப்பறையைத் தொடைக்கறேன்.”

வேலை ஆரம்பித்தது. முதலில் நாலு மூட்டையையும் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். வெல்டரும் மில்காரர்களும் உருட்டுவோம் என்றார்கள். “உருட்டினா தரை முழுக்க வண்டு சிந்தும். ஏத்தி விடுங்கடா” என்று மூட்டைக்காரி முதுகைக் காட்டினாள்.

“அக்கா, வேணாம். வயசென்ன உங்களுக்கு?”

“ஐம்பத்தெட்டு. எழுபத்தஞ்சைத் தூக்க ஐம்பத்தெட்டு போதும். ஏத்துடா.”

ஏற்றினார்கள். பத்தடிதான். இறக்கியபோது முகம் கழுவினதுபோல் வேர்த்திருந்தது. அவள் புருஷன் கதவோரம் நின்று இரண்டு கையையும் பிசைந்துகொண்டிருந்தார். மீதி மூன்றை மற்றவர்கள் அவளைத் தொட விடவில்லை.

தார்ப்பாயில் தானியத்தைக் கொட்டியதும் வண்டுகள் நாலாபக்கமும் ஓடின. வெயில் பட்டால் ஓடும், ஆனால் வெயில் ஏய்த்தது. ஒரு நாழி அடிக்கும், மேகம் மூடும். சலித்தார்கள், புடைத்தார்கள், மறுபடி சலித்தார்கள். உதிர்ந்த மாவும் வண்டுமாகச் சல்லடைக்கு அடியில் குவிந்ததைக் கோழி வளர்க்கும் வீட்டுக்காரர் சாக்கில் வாரிக்கொண்டு போனார். அவர் ஒருத்தருக்குத்தான் அன்றைக்கு வருத்தமே இல்லை.

பதினொரு மணிக்கு மழை தூறியது. “மடி, மடி” என்று ஒரே சத்தம். தார்ப்பாயின் நாலு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை ரொட்டிக்கடைக்காரர் கையைத் தட்டி மாவை உதறினார்.

“வெயிலை நம்பி ஆகாது. மூணு மணிக்கு என் கடைசி ஈடு இறங்கிடும். அப்புறம் அடுப்பு ஆற ராத்திரி ஆகும். ரொட்டி வேகாத சூடு, ஆனா வண்டு தாங்காது. தட்டுல பரப்பிக் கொண்டாங்க.”

“ரொட்டியில வண்டு வந்தா உன் யாவாரம் போச்சே?” என்றார் தையல்காரர்.

“அடுப்புல போட்டதுக்கப்புறம் வண்டுக்கு உயிர் எங்கய்யா இருக்கு, வர்றதுக்கு? அடுப்பைக் கழுவிக்கறேன், விடு.”

அன்று சாயங்காலம் தெருவில் தட்டு ஊர்வலம் போயிற்று. பதினாலு தட்டு. வறுபட்ட தானிய வாசம் வீடு வீடாக நுழைந்தது. பசியில்லாதவனுக்கும் பசி வந்தது.

உள்ளே ஏழாம் வீட்டம்மா ஒவ்வொரு இழுப்பறையாக உருவி, சாமானைத் துணியில் வரிசைப்படி கொட்டி, மூலையைத் தூரிகையால் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். முள்ளு பக்கத்தில் நின்று எது எந்த அறை, எதில் எத்தனை என்று சொன்னார். பித்தான் எழுபத்திரண்டு, ஊசி அட்டை ஒன்பது. சீட்டு எதுவும் பார்க்கவில்லை. மூட்டைக்காரி டீ கொண்டுபோனபோது இரண்டு பேரும் அடங்கின குரலில் தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

“அறுபது பித்தான்தான் இருக்கு.”

“எழுபத்திரண்டு. துணிக்கடியில பாருங்க.”

பார்த்தாள். இருந்தது. “சனியனே” என்றாள். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மூட்டைக்காரியின் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, உனக்கு இந்த ஆளோட எப்படித்தான் குடித்தனம் ஓடுது? சாதம் போடும்போது எடை பார்ப்பாரா?”

“பார்க்க மாட்டாரு. ஆனா உப்பு ஒரு கல்லு கூடினா சொல்லிடுவாரு.”

“அதான் பார்த்தேன்.” அவள் தொங்கிக்கொண்டிருந்த தராசைப் பார்த்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எம் ரெண்டாவது பையன் பொறந்தப்ப ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம். புள்ளைங்களை இந்தத் தட்டுலதானே எடை பார்ப்போம். உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். எம்பொண்ணையும் இதுலதான் போட்டேன்.”

“வாரா வாரம் கொண்டாருவேன். இவரு ஒரு வெள்ளைத் துணியை மடிச்சுத் தட்டுல போடுவாரு. அந்தத் துணிக்கு ஈடா அந்தப் பக்கம் கல்லு. அப்புறம்தான் புள்ளை. பால் குடிக்கறான், தூங்கறான், எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. மூணாவது வாரம் எடை பார்த்துட்டுத் திரும்பப் போட்டாரு. திரும்பப் போட்டாரு. நான் திட்டினேன், ‘யோவ், புள்ளையைக் கொத்தமல்லி விதைன்னு நெனச்சியா’ன்னு. ‘போன வாரத்தைவிட நாப்பது கிராம் கொறைஞ்சிருக்கு. இன்னிக்கே ஆத்தைத் தாண்டுங்க’ன்னாரு. மாமியாக்காரி போகாதேன்னா. புள்ளை நல்லாத்தானே இருக்குதுன்னா. நான் போனேன். ஏன் போனேன் தெரியுமா? வேற யாரு சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். இந்தப் பாழாப்போன மனுசன் நாப்பது கிராம்னா அது நாப்பது கிராம்தான். ஒரு பிடி எனக்குக் கூடப் போடாதவன் எம்புள்ளைக்கு மட்டும் ஏன் கொறைச்சுச் சொல்லப் போறான்?”

“என்னவாம் புள்ளைக்கு?”

“குடல்ல ஏதோ அடைப்பு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இல்லேன்னாரு டாக்டர். இன்னிக்கு அவனுக்கே ரெண்டு புள்ளைங்க.” அவள் டம்ளரை வைத்தாள். “இதை இவருகிட்ட ஒரு தடவைகூட நான் சொன்னதில்ல. சொன்னா அடுத்த நாளிலருந்து சண்டை போட முடியாதே.”

அவர் தலையைக் குனிந்து ஊசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “எந்த அறைம்மா அடுத்தது?” என்றார்.

புதன்கிழமையும் அதே வேலை. மண்ணெண்ணெய்த் துணியால் சட்டங்களைத் துடைத்தார்கள். துணிச் சுருள்களைப் பிரித்து உதறிக் கொடியில் போட்டார்கள். தையல்காரர் வீட்டம்மா வந்து மிச்ச இழுப்பறைகளை எடுத்துக்கொண்டாள். வெல்டர் ஏணியில் ஏறித் தகர டப்பா ஒவ்வொன்றாக இறக்கினான். மில்காரர்கள் புது மரத்தூளைச் சூடு காட்டிக் கொண்டுவந்து சாக்கில் நிரப்பினார்கள். நல்ல தானியம் மூன்றே கால் மூட்டை தேறியது. அதைத் தொழிலாளர் விடுதிச் சமையலுக்கு அனுப்பினார்கள். ராத்திரி மூட்டைக்காரி கட்டிலில் விழுந்தபோது இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இத்தனை பேருக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒரு வார்த்தை யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

அதிகாரியம்மா வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். நாற்பது வயசு இருக்கும், பெரிய கைப்பை, சின்ன டார்ச் விளக்கு. அதிகம் பேசவில்லை. இழுப்பறைகளை இழுத்தாள், சட்டத்துக்கடியில் விளக்கடித்தாள், துணி மடிப்புகளைப் பிரித்தாள், நாலு மூட்டையிலும் கையை விட்டாள். வாசலில் தெருவே நின்றது. மூட்டைக்காரிக்கு மூச்சு அரை மூச்சாக வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதிகாரியம்மா மேசைமேல் தாளை வைத்து எழுதினாள்.

“நல்லா வெச்சிருக்கீங்க. நான் பார்த்த இடங்கள்ல இவ்வளவு சுத்தம் எங்கயும் இல்ல. பூச்சித் தாக்குதல் இல்லைன்னு போட்டிருக்கேன். பொறுப்பாளர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.”

தையல்காரர் வானத்தைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். முள்ளு கண்ணாடியை மாட்டினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. மூட்டைக்காரிக்கு அந்த விரலைத் தெரியும்.

“அம்மா, இந்த வரி சரியில்ல” என்றார்.

“எது?”

“பூச்சி இல்லைன்னு போட்டிருக்கீங்க. இருந்துச்சு. திங்கக்கிழமை வரைக்கும் இருந்துச்சு. நான்தான் மரத்தூளை எடுத்துட்டு நிஜ தானியம் வெச்சேன். நாலு மூட்டை, பதினோரு மாசம். சங்கத்துக்குத் தெரியாது. எம்பொண்டாட்டிக்கும் தெரியாது.”

வாசலில் யாரோ “செத்தோம்” என்றார்கள். தையல்காரர் சுவரில் சாய்ந்தார். மூட்டைக்காரி மகள் வீட்டு அறையில் எந்த மூலையில் பாய் போடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள்.

அதிகாரியம்மா பேனாவை மூடினாள். “இதை நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரியவே போறதில்ல.”

“அதனாலதாம்மா சொல்றேன். இன்னிக்குக் கண்ணுக்குத் தெரியல. முட்டை ஏதாவது இடுக்குல இருந்தா ஒரு மாசம் கழிச்சுப் பொரிக்கும். நீங்க இல்லைன்னு எழுதிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. இந்தக் கடை போயிடும்.”

அதிகாரியம்மா பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தாள்.

“சரி, விதிப்படி சொல்றேன். நாப்பது நாள் பொதுமக்களுக்குக் கடை மூடல். ஒட்டுப்பொறி அட்டை பன்னெண்டு தர்றேன். தினமும் பார்த்து விழுந்ததை எழுதி வெக்கணும். நாப்பத்தோராம் நாள் நான் வருவேன். அப்ப சுத்தமா இருந்தா அங்கீகாரம்.”

“சாமானை எடுத்துட்டுப் போக மாட்டீங்களே?” என்றாள் மூட்டைக்காரி. அதுவரை அவள் வாய் திறக்கவில்லை.

“எதுக்கு எடுக்கணும்? உள்ளதைச் சொல்ற ஆள் இங்க இருக்காரு. அங்க கிடங்குல எனக்கு அப்படி யாரும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. அட்டையை வேற யாரு பார்ப்பாங்க?”

ஏழாம் வீட்டம்மா கூட்டத்திலிருந்து கேட்டாள். “நாப்பது நாளும் நாங்க உள்ள வரக் கூடாதா?”

“பொதுமக்களுக்குத்தான் அனுமதி இல்ல.”

“நாங்க எங்கம்மா பொதுமக்கள்? நாங்க தெரு.”

அதிகாரியம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். அறிக்கையை மறுபடி முன்னால் இழுத்தாள். “தாக்குதல் எப்படி அகற்றப்பட்டதுன்னு ஒரு வரி எழுதணும். யாரு செஞ்சது?”

முள்ளு தொண்டையைச் செருமினார்.

“எழுதிக்கங்கம்மா. ரொட்டிக்கடைக்காரர். சல்லடை ரெண்டு, தட்டு பதினாலு, மூணு தடவை அடுப்புச் சூடு. அதுக்காகப் புதன்கிழமை ஒரு ஈடு ரொட்டி போடாம விட்டாரு. வெல்டர். ராத்திரி வேலை முடிச்சுத் தூங்காம ரெண்டு பகல். தகர டப்பா நூத்திப் பதினாறு இறக்கி ஏத்துனது. மில்காரங்க ரெண்டு பேர், தார்ப்பாய் மூணு, மழைக்குச் செவ்வாய் மூணு, புதன் நாலுன்னு ஏழு தடவை மடிச்சது. இழுப்பறை எண்பத்துநாலு, அதுல அறுபத்தொண்ணு ஏழாம் வீட்டம்மா தொடைச்சது, தும்மிக்கிட்டே. மிச்சம் இருபத்துமூணு தையல்காரர் வீட்டம்மா.”

“ஐயா, ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு.”

“தாள் தர்றேன்” என்று அவர் மேசைமேல் இருந்த பொட்டலக் காகித உருளையில் கை வைத்தார்.

“அது காட்சிப் பொருள்” என்று சொல்லி அவள் தன் பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். “சொல்லுங்க.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். கோழிக்காரர் வாரிய சாக்கு எத்தனை, தையல்காரர் நடந்த வீடு எத்தனை, திட்டிய நேரம் எவ்வளவு என்பதுவரை. வாசலில் தன் பங்கு வரும்போது ஒவ்வொருவரும் காலை மாற்றி நின்றார்கள். வெல்டர் திரும்பி ரோட்டைப் பார்த்தான். மூட்டைக்காரிக்குச் சட்டென்று விளங்கியது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் யாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆளையும் விடாமல், ஒரு தட்டையும் கூட்டாமல் குறைக்காமல்.

இரண்டாவது பக்கமும் நிறைந்தது. “அவ்வளவுதாம்மா” என்றார்.

“யோவ், உன் பொண்டாட்டி எங்கய்யா?” என்றாள் ஏழாம் வீட்டம்மா. “எழுபத்தஞ்சு கிலோவை முதுகுல போட்டு நடந்தாளே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?”

“அவ உதவிக்கு வந்த ஆள் இல்லம்மா. உதவிக்கு வந்தவங்க லிஸ்டுல அவளைச் சேர்க்க முடியாது.” அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொறுப்பாளர் என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினார். “இங்க ஒரு கையெழுத்துக்குத்தான் கோடு இருக்கு. இன்னொரு கோடு போடுங்க.”

அதிகாரியம்மா ஸ்கேல் தேடவில்லை. கையாலேயே கோடு போட்டாள். அவர் முதலில் கையெழுத்திட்டார். பிறகு பேனாவைத் திருப்பி, கைப்பிடிப் பக்கம் அவளுக்கு வருகிறமாதிரி நீட்டினார்.

மூட்டைக்காரி முந்தானையில் கையைத் துடைத்தாள். விரல் மடிப்பில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை இருந்தது. மூட்டைக் கொக்கியைப் பிடிப்பதுபோல் பேனாவை இறுக்கிப் பிடித்து, குனிந்து, நிதானமாக எழுத ஆரம்பித்தாள். எழுத்து பெரிது பெரிதாக வந்து கோட்டைத் தாண்டி ஓடியது. அதிகாரியம்மா தாளின் ஓரத்தில் ஊன்றியிருந்த தன் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து அவளுக்கு இடம் விட்டாள்.